ஷாக் அப்சர்பரை மாற்றும் முன்

பழைய பைக் தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில் "ஷாக் போயிடுச்சு" என்பதுதான். ஒரு ஜோடி புது ஷாக் மாட்டி, கூலியும் கொடுத்து வெளியே வந்தால், தெருமுனைப் பள்ளத்திலேயே அதே அடி இடுப்பில் விழும். ஷாக் உண்மையிலேயே போயிருக்கவும் கூடும். ஆனால் சாலைக்கும் உங்கள் இடுப்புக்கும் நடுவில் டயர், ரிம், பேரிங், செயின், போர்க், கோன் செட், சுவிங் ஆர்ம் புஷ், சீட் என்று ஒரு வரிசையே இருக்கிறது. அந்த வரிசையில் கெட்டது எது என்று பார்க்காமல் விலை கூடியதை முதலில் மாற்றுவது காசுக்குக் கேடு. தரையிலிருந்து மேலே ஏறியபடி ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தால் பாதிக் கோளாறுகள் காசே செலவில்லாமல் தீரும்.

பேச்சுக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2000களின் தொடக்கத்தில் வாங்கிய ஸ்பிளெண்டர். 1994-இல் வந்த மாடல்; 97.2 சிசி, நான்கு கியர், 18 அங்குல வீல், முன்னால் டெலஸ்கோப்பிக் போர்க், பின்னால் சுவிங் ஆர்மும் இரண்டு பக்கமும் ஷாக்கும். ஆர்எக்ஸ் 100, விக்டர், பழைய புல்லட் எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு ஏறக்குறைய இதேதான். அளவுகள் மாறும், தேடும் முறை மாறாது.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன், கோளாறு எப்போது வருகிறது என்று கவனியுங்கள். "வண்டி ஒரு மாதிரியா இருக்கு" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் சுரீரென்று அடி விழுகிறதா? வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை துள்ளுகிறதா? நல்ல தார்ச்சாலையிலும் விடாமல் அதிர்கிறதா? நேராகப் போகாமல் இடமும் வலமுமாக அலைகிறதா? பிரேக் பிடித்தால் மட்டும் வருகிறதா? இந்த ஐந்தும் ஐந்து வேறு இடங்களைக் காட்டுபவை. அடி என்றால் டயர் காற்று, போர்க், இறுகிப்போன ஷாக். துள்ளல் என்றால் ஷாக்குக்குள் எண்ணெய் வேலை செய்யவில்லை. அலைச்சல் என்றால் கோன் செட், சுவிங் ஆர்ம் புஷ், வீல் பேரிங். பிரேக் பிடிக்கும்போது மட்டும் தட்டித் தட்டி வந்தால், வட்டம் கெட்ட பிரேக் டிரம் அல்லது தளர்ந்த கோன் செட்.

அதிர்வை மட்டும் இன்னும் ஒரு படி பிரிக்க வேண்டும். அது சக்கரத்திலிருந்து வருகிறதா, இன்ஜினிலிருந்து வருகிறதா? ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், அதிர்வு தெரிகிற வேகத்தில், கிளட்ச்சைப் பிடித்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள். இன்ஜின் சத்தம் இறங்கியதும் அதிர்வும் நின்றால் கோளாறு இன்ஜின் பக்கம். வண்டி உருளுகிற வரைக்கும் அதிர்வும் கூடவே வந்தால் அது சக்கரம், டயர், பேரிங். அரை நிமிடத்தில் முடிகிற சோதனை இது. தேவையில்லாமல் கார்புரேட்டரைக் கழற்றிப் பிரிப்பதை இது மிச்சப்படுத்தும்.

இனி தரையிலிருந்து தொடங்குவோம். முதலில் காற்று. பங்க்கில் "முன்னாடி முப்பத்தஞ்சு, பின்னாடி நாற்பது" என்று கேட்டு அடித்துக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். பஞ்சர் ஆகாது, மைலேஜ் கூடும் என்ற நம்பிக்கை. ஸ்பிளெண்டர் போன்ற வண்டிக்குத் தனியாக ஓட்டும்போது முன்னால் 25, பின்னால் 28 பி.எஸ்.ஐ. போதும், பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு மட்டும் கூட்ட வேண்டும். உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும், பல வண்டிகளில் ஸ்டிக்கராகவும் ஒட்டியிருக்கும். டயர்தான் வண்டியின் முதல் ஸ்பிரிங். சிறு கல், தார் ஒட்டு, சாலை விரிசல் எல்லாவற்றையும் போர்க் அசைவதற்கு முன்னால் டயர்தான் விழுங்க வேண்டும். காற்றைக் கூடுதலாக ஏற்றினால் அது மரக்கட்டை ஆகிவிடும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித் தெரியும் என்பதால், காலையில் வண்டி எடுத்ததும் பக்கத்திலுள்ள கடையிலேயே பார்ப்பது சரி.

காற்று சரி என்றால் டயரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2317 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வெளியே எடுக்கிற வண்டிகளில் பட்டன் தேயாமல் இருக்கும், ஆனால் ரப்பர் வெயிலில் காய்ந்து இறுகிப் போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் பதியாது. பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடும். அந்த டயர் சாலையை வாங்கிக்கொள்ளாமல் அப்படியே மேலே அனுப்பும், மழையில் வழுக்கவும் செய்யும். பட்டன் இருக்கிறதே என்று அதை வைத்திருக்க வேண்டாம். இன்னொன்று, டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பது. ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி முழு வட்டத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்திருந்தால், பஞ்சர் போட்டபோது டயர் அங்கே முழுதாக ஏறவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு வரும். காற்றை இறக்கி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடித்தால் உட்கார்ந்துவிடும்.

அடுத்தது ரிம். சென்டர் ஸ்டாண்டு போட்டு வீலைத் தூக்கிச் சுற்ற விடுங்கள். ஒரு பேனாவைப் போர்க்கில் ரப்பர் பேண்டால் கட்டி, முனை ரிம் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வையுங்கள். ரிம் எங்கே நெருங்கி வருகிறது, எங்கே விலகுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ 2 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் பெண்டு எடுக்க வேண்டும் என்பது சர்வீஸ் கையேடுகள் பொதுவாகச் சொல்லும் எல்லை. பிறகு ஒரு சின்ன ஸ்பேனரால் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமாக இருப்பவை கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மொத்தென்று சொல்லும். நாலைந்து கம்பிகள் சேர்ந்தாற்போல் தளர்ந்திருக்கும் இடத்தில்தான் ரிம் ஒதுங்கியிருக்கும். ஸ்போக்ஸ் கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பழைய சைக்கிள் கடைக்காரர்களிடம் இந்தக் கை இன்னும் இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். அலாய் வீல் நெளிந்திருந்தால் சுத்தியால் தட்டி நிமிர்த்தச் சம்மதிக்க வேண்டாம். அது வளைவதைவிட வெடிக்கவே வாய்ப்பு அதிகம்.

வீல் தூக்கியிருக்கும்போதே பேரிங்கையும் பார்த்துவிடலாம். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து டயரைப் பக்கவாட்டில் அசையுங்கள். டொக்கென்று ஒரு சின்ன ஆட்டம் கையில் தட்டுப்பட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது. வீலைச் சுற்றவிட்டு ஆக்சில் நட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு உலோகத்தின் வழியாக விரலுக்கு வரும். காதுக்குக் கேட்பதற்கு முன்பே விரல் சொல்லிவிடும்.

செயினைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. செயின் தளர்ந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். இறுகினால் சவாரியே கெடும் என்பது தெரிவதில்லை. பின் சக்கரம் பள்ளத்தில் மேலும் கீழும் போகும்போது, முன் ஸ்பிராக்கெட்டுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். ஸ்பிராக்கெட், சுவிங் ஆர்ம் போல்ட், ஆக்சில் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும் இடத்தில் தூரம் அதிகம், செயினும் அங்கேதான் மிக இறுக்கம். நிற்கும் வண்டியிலேயே செயினை விறைப்பாக வைத்திருந்தால், ஆள் ஏறி சுவிங் ஆர்ம் மேலே போகும்போது செயின் அதைப் பிடித்து நிறுத்தும். ஷாக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அசைய முடியாது. நூறு சிசி வண்டிகளுக்குச் செயினின் நடுப்பகுதியில் மேலும் கீழுமாக 20 முதல் 30 மி.மீ. அசைவு இருக்க வேண்டும். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒன்றாகத் தேயாது. அதனால் வீலைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, எங்கே மிக இறுக்கமோ அந்த இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரு இடத்தில் விறைப்பு, மறு இடத்தில் தொங்கல் என்றால் செயின் ஸ்பிராக்கெட்டை செட்டாக மாற்றும் காலம் வந்துவிட்டது. பின் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் துண்டுகளும் அப்போதே மாறட்டும். கியர் போட்டதும் பின்னால் டமாரென்று ஒரு உதை வந்தால் அந்த ரப்பர்கள் நசுங்கிப்போயிருக்கின்றன.

இப்போது போர்க். பழைய வண்டிகளில் இந்த அளவுக்குப் புறக்கணிக்கப்படும் பாகம் வேறில்லை. இன்ஜின் ஆயிலை ஒழுங்காக மாற்றுகிறவர்கள்கூட, போர்க்குக்குள்ளும் ஆயில் இருக்கிறது, அதுவும் கெடும் என்பதை நினைப்பதில்லை. ஷோரூமிலிருந்து வந்த அதே ஆயில் இருபது வருடமாக உள்ளே கிடக்கும் வண்டிகள் இன்றைக்கும் ஓடுகின்றன. அதைக் கீழே வடித்துப் பார்த்தால் தெரியும். எண்ணெய் நிறமே இருக்காது. சிமெண்ட் கரைத்த தண்ணீர் மாதிரி சாம்பல் நிறத்தில் வரும், வெயிலில் காட்டினால் உலோகப் பொடி மினுமினுக்கும், மீன் அழுகியது போன்ற வாடை மூக்கைத் துளைக்கும். உள்ளேயிருக்கும் புஷ்ஷும் பைப்பும் வருடக்கணக்கில் உரசிய துகளும், மழை நாளில் சீல் வழியாக இறங்கிய ஈரமும் கலந்த கலவை அது.

போர்க் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் கோளாறைப் பிடிப்பது எளிது. உள்ளே ஒரு ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்துக்குப் பத்து முறை ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஆயில். போர்க் அசையும்போது ஆயில் சிறு துளைகள் வழியாகத் திணறிப் போக வேண்டியிருக்கிறது. அந்தத் திணறல்தான் ஆட்டத்தை உறிஞ்சுகிறது. ஆயில் கெட்டு நீர்த்துப்போனால் துளைகளில் தடையில்லாமல் ஓடிவிடும். பிரேக் பிடித்ததும் முன்பக்கம் மூக்குக் குத்தும். பெரிய பள்ளத்தில் போர்க் முழுதாக உள்ளே போய் டங்கென்று உலோகத்தில் உலோகம் மோதும். இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. "நல்லா கெட்டியா இருக்கட்டும்" என்று போர்க்கில் இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறார்கள். கெட்டி ஆயில் மெதுவான அசைவில் நன்றாகவே நடந்துகொள்ளும். ஆனால் கூரான விளிம்புள்ள பள்ளத்தில் சக்கரம் மின்னல் வேகத்தில் மேலே வர வேண்டியிருக்கும்போது, அந்த ஆயிலால் துளைக்குள் அவ்வளவு சீக்கிரம் போக முடியாது. போர்க் அந்த நொடி ஒரு இரும்புத் தடி போலாகி, அடி முழுவதும் மணிக்கட்டுக்கு வரும். "போர்க் சர்வீஸ் பண்ணினதுக்கு அப்புறம்தான் இன்னும் மோசமாச்சு" என்று யாராவது சொன்னால், எந்த ஆயில், எவ்வளவு என்று கேளுங்கள்.

அளவும் அதே அளவுக்கு முக்கியம். கையேட்டில் ஒரு காலுக்கு இத்தனை மில்லி என்று இருக்கும். குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது. மருந்து பாட்டிலோடு வரும் அளவுக் குப்பியோ பெரிய சிரிஞ்சோ போதும். ஆயில் கூடினால் மேலே இருக்கும் காற்றின் இடம் குறைந்து, போர்க் பாதி தூரம் போனதுமே விறைத்துக்கொள்ளும். இரண்டு காலிலும் அளவு வேறானால் ஒன்று ஒரு விதமாகவும் மற்றது ஒரு விதமாகவும் நடந்துகொள்ளும். சில வண்டிகளில் போர்க்கின் அடியில் ஆயில் வடிக்க ஸ்க்ரூ இருக்கும். மற்றவற்றில் காலையே கழற்றிக் கவிழ்க்க வேண்டும். மேல் போல்ட்டுக்குக் கீழே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கிறது என்பதை மறந்து முகத்தை நேராக வைத்துக்கொண்டு கழற்றக் கூடாது.

ஆயில் சீல் கசிகிறதா என்று பார்க்க, போர்க் பைப்பைத் துடைத்துவிட்டு முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில் பாரை அழுத்தி அழுத்தி விடுங்கள். பைப்பில் ஈரமான எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போயிற்று. ஆனால் புது சீல் போட்டும் ஒரே மாதத்தில் மறுபடி கசிந்தால், குற்றம் சீலில் இல்லை. பைப்பின் குரோம் பூச்சில் துரு அரித்த சிறு குழிகள் இருக்கும். நகத்தைப் பைப்பில் மேலிருந்து கீழே ஓட்டுங்கள். நகம் மாட்டும் இடத்தில்தான் சீலின் உதடு கிழிகிறது. கடற்கரை ஊர் வண்டிகளில் இது சாதாரணம். பைப்பை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

எல்லாம் புதிதாக இருந்தும் முன்பக்கம் விறைப்பாகவே இருந்தால், வீல் மாட்டிய விதத்தைச் சந்தேகப்படுங்கள். பஞ்சர் போட்டுவிட்டு ஆக்சில் நட்டை ஒரே மூச்சில் முறுக்கிவிட்டால் போர்க்கின் இரண்டு கால்களும் ஒன்றையொன்று இழுத்துக் கோணலாக நிற்கும். பைப் உள்ளே சிக்கிச் சிக்கித்தான் இறங்கும். நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக் பிடித்து போர்க்கை ஐந்தாறு முறை நன்றாக அழுத்தி, கால்கள் தாமாக இடம் பிடித்த பிறகு நட்டை இறுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. நான் பார்த்தவரை பஞ்சர் கடைகளில் இதை யாரும் செய்வதில்லை. அதனால் பஞ்சருக்குப் பிறகு வண்டி மாறிவிட்டது என்று தோன்றினால் நீங்களே செய்துவிடுங்கள்.

ஹேண்டில் பாருக்குக் கீழே இருப்பது கோன் செட். முன் வீலைத் தூக்கி, ஒரே விரலால் ஹேண்டிலை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெல்லத் திருப்புங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நேராக நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல் பிடித்துக்கொண்டால், உள்ளிருக்கும் பேரிங் குண்டுகள் பாதையில் தடம் பதித்துவிட்டன. வண்டி எப்போதும் நேராகவே ஓடுவதால் அடி முழுவதும் ஒரே இடத்தில் விழுந்து வந்த தடம் அது. அந்த வண்டி மெதுவாகப் போகும்போது நேர்க்கோட்டில் நிற்காது. நீங்கள் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். கிரீஸ் வைத்தாலும் இறுக்கினாலும் சரியாகாது, செட்டையே மாற்ற வேண்டும். தளர்ந்த கோன் செட் வேறு கதை. முன் பிரேக் பிடிக்கும்போதும் சிறு குழிகளிலும் டக் டக்கென்று தட்டும். வீல் தூக்கியிருக்கும்போதே போர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னுமாக இழுங்கள். இன்னொருவர் ஹேண்டில் தலைப்பகுதியின் இணைப்பில் விரலை வைத்திருக்கட்டும். ஆட்டம் அங்கே தெரிந்தால் கோன் செட். அங்கே அசையாமல், போர்க் பைப் கீழ்க்குழாய்க்குள் நுழையும் இடத்தில் தெரிந்தால் போர்க் புஷ். தளர்ந்த கோன் செட்டோடு நெடுஞ்சாலையில் போகவே கூடாது.

சுவிங் ஆர்ம் புஷ் போனால் வளைவில் திரும்பும்போதோ, ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதோ வண்டியின் பின்பக்கம் தனியாக வாலை ஆட்டும். பின் வீலைத் தூக்கி, சுவிங் ஆர்மின் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளினால் தெரிந்துவிடும். இந்த வண்டிகளில் பலவற்றில் இது ரப்பர் புஷ். கிரீஸால் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். வருடக்கணக்கில் கழற்றாத போல்ட் துருப்பிடித்து உள்ளே ஒட்டியிருக்கும் என்பதால் முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஷாக். சீட்டின் பின்பகுதியை இரு கையாலும் பலமாக அழுத்திச் சட்டென்று விடுங்கள். ஒருமுறை எழுந்து நின்றுவிட்டால் ஷாக்கில் உயிர் இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஆடினால் உள்ளே எண்ணெய் வேலை செய்யவில்லை. அழுத்தியும் இறங்கவே இல்லையென்றால் கம்பி வளைந்து சிக்கியிருக்கலாம், அல்லது மேல் கீழ் புஷ்கள் துருவில் இறுகியிருக்கலாம். அடுத்து, உங்கள் எடைக்கு அது சரியாக இறங்குகிறதா என்று அளக்க வேண்டும். பின் வீல் தரையைத் தொடாதபோது ஆக்சிலிலிருந்து நேர் மேலே சீட்டின் விளிம்பு வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பிறகு நீங்கள் உட்கார்ந்து, இன்னொருவரை அதே இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். ஷாக்கின் மொத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கியிருப்பது நல்லது. கொஞ்சமும் இறங்கவில்லை என்றால், சக்கரம் பள்ளத்துக்குள் கீழே போக இடமில்லாமல் வண்டியே விழும். மிக அதிகம் இறங்கினால் சின்ன மேட்டுக்கே அடிதட்டும். ஷாக்கின் அடியில் இருக்கும் படியைத் திருப்பிச் சரிசெய்யலாம். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். பால் கேனோ சிலிண்டரோ ஏற்றுவதற்காகக் கடைசிப் படியில் வைத்த ஷாக்கை, அந்த வேலையை விட்ட பிறகும் அப்படியே விட்டுவிட்டு, வண்டி தூக்கிப் போடுகிறது என்று சொல்கிறவர்கள் பலர். மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஜோடியாக மாற்றுங்கள். பழையதன் மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் உள்ள தூரத்தை அளந்து, அதே நீளத்தில் வாங்குங்கள். பார்க்க நன்றாக இருக்கிறது என்று நீளமான, தடித்த ஸ்பிரிங் உள்ளதை மாட்டினால் வண்டியின் சாய்வே மாறி, திருப்பும் குணமும் கெடும். வாயு நிரப்பிய ஷாக்கைப் பிரித்து ரிப்பேர் செய்ய யாரையும் அனுமதிக்க வேண்டாம்; உள்ளே இருக்கும் அழுத்தம் ஆளைக் காயப்படுத்தும்.

சீட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை. பழைய ஸ்பாஞ்ச் நடுவில் உட்கார்ந்துவிட்டால் அடியிலிருக்கும் தகட்டின் மேல்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். கட்டை விரலால் அழுத்தினால் தகடு தட்டுப்படும். சீட் தகட்டுக்கும் பிரேமுக்கும் நடுவில் இருக்கும் சின்ன ரப்பர் குமிழ்களும் விழுந்துபோயிருக்கும். கவர் மாற்றும்போது கடைக்காரரிடம் ஸ்பாஞ்சையும் பார்க்கச் சொல்லுங்கள். பழசின் மேல் கெட்டி ஸ்பாஞ்ச் ஒட்டினால் இன்னும் கல்லாகும்.

கிளட்ச் பிடித்ததும் அதிர்வு நின்ற வண்டிக்கு வேறு பாதை. இன்ஜின் மவுண்டிங் போல்ட்டுகள், சைலன்சர் போல்ட், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில் பிடிப்பு எல்லாவற்றையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். ஒற்றை சிலிண்டர் இன்ஜின் இயல்பாகவே அதிரும். ஒரு போல்ட் தளர்ந்தால் அந்த அதிர்வு பிரேம் முழுக்கப் பரவும். அதன் பிறகும் வெட்டி வெட்டி ஓடினால் பிளக், கார்புரேட்டர் ஜெட், ஏர் ஃபில்டர். போல்ட் இறுக்கும்போதே டார்ச் அடித்து பிரேமின் வெல்டிங் இணைப்புகளைப் பார்த்துவிடுங்கள், முக்கியமாக ஹேண்டில் தலையைச் சுற்றியும் ஷாக் மாட்டும் இடத்திலும். பெயிண்டில் ஒரு மெல்லிய கோடும் அதிலிருந்து வழிந்த துருக் கறையும் தெரிந்தால் அது விரிசல். அந்த வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, நல்ல வெல்டரிடம் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

சாலையின் பங்கும் இதில் இருக்கிறது. இந்தியச் சாலை காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய வளைவாக, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் தாண்டும்படி இருக்க வேண்டும். நம் தெருக்களில் தாருருண்டையைக் கொட்டியது போல் நிற்பவற்றின் மேல் புது வண்டியே தூக்கிப் போடும். ஆகவே வண்டியைச் சோதிக்க நன்றாகத் தெரிந்த ஒரே சாலையைத் தேர்ந்தெடுத்து, ஒரே வேகத்தில் போங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து ஓட்டிப் பாருங்கள். நான்கு பாகங்களைச் சேர்த்து மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது, அடுத்த முறையும் நான்குக்கும் காசு கொடுப்பீர்கள். கோன் செட், ஸ்போக்ஸ், செயின் மூன்றும் மாற்றியதும் கொஞ்சம் ஓடி இடம் பிடித்த பின் தளரும். சில நூறு கிலோமீட்டர் கழித்து மூன்றையும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் வண்டியை விடுங்கள்.